நடுக்குவாதமும் நெஞ்சுப் படபடப்பும்

சென்ற இதழில் முதியோர்களின் கோடைக்கால உணவைப் பற்றி நாம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தில்லி கரோல்பாக்கிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று விடுத்திருக்கிறார். அவருடைய மாமியாருக்கு நடுக்குவாதம், அதாவது டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்று குறிப்பிடும் வியாதி, கண்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றனவாம். கை நடுக்கத்துக்கும் தளர்ந்த நடைக்கும் வீட்டார் ஒருவாறு பழகிவிட்டனர். ஆனால் ஆறு மாதங்களாக அம்மையார், "நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். இதய வைத்தியரிடம் அழைத்துச் சென்றால், "இது நரம்பு சம்பந்தமானது" என்கிறார். நரம்பு வைத்தியரிடம் சென்றால், "முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார். "இருவருக்கும் நடுவில் நாங்கள் அலைகிறோம். அத்தை இப்போது நாற்காலியை விட்டு எழவே அஞ்சுகிறார்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

இக்கடிதத்தைப் படித்தபோது எமக்கு ஏற்பட்ட உணர்ச்சி சாதாரணமானதன்று. இதே அலைச்சலை நாமும் அலைந்திருக்கிறோம். எம் தந்தையார் கும்பகோணத்திலிருந்து எம்முடன் தங்க வந்த இரண்டாம் ஆண்டில் அவருக்கு நடுக்குவாதம் கண்டது. அவர் பொருட்டு நாம் கற்றுக்கொண்டவற்றை இவ்விதழில் எழுதுவது அச்சகோதரிக்கு மட்டுமன்றி வேறு சில இல்லங்களுக்கும் உபயோகமாகலாம் என்று எண்ணுகிறோம். நாம் வைத்தியர் அல்லோம். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. ஆயினும் டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வது நம் வேலையே.

இந்நோயை 1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு சிறு நூலில் விவரித்தார். அவர் கண்டது பெரும்பாலும் நடுக்கத்தையும் நடையையுந்தான். பிற்காலத்தார் அறிந்துகொண்டது, இது மூளையோடு நிற்கும் வியாதி அன்று என்பது. நாம் நினைக்காமலே நம் உடலில் நடைபெறும் காரியங்கள் பல உள. இதயத்தின் வேகம், இரத்தக் குழாய்களின் இறுக்கம், வியர்வை, குடலின் அசைவு ஆகியவற்றை ஆளும் தானியங்கு நரம்புகளையும் இந்நோய் அரிக்கிறது. இதயத் தசையில் வந்து முடியும் நரம்பு நுனிகளே பல நோயாளிகளுக்குக் குறைந்துபோகின்றன. ஆகவே, "இது இதயமா, நரம்பா?" என்ற கேள்விக்குப் பல வேளைகளில் விடை, "இதயத்துக்குச் செல்லும் நரம்பு" என்பதே.

நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்திலும் மார்பிலும் உள்ள பெரிய குழாய்களில் அமைந்த உணர்வு நரம்புகள் அழுத்தம் குறைவதை உடனே கண்டு மூளைக்குத் தெரிவிக்கின்றன. மூளை, குழாய்களை இறுக்கும்படியும் இதயத்தை விரைவுபடுத்தும்படியும் ஆணையிடுகிறது. சில வினாடிகளில் எல்லாம் நடந்து முடிந்துவிடுவதால், நாம் அறிவதில்லை. நடுக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இந்த ஆணை சரிவரப் போய்ச் சேர்வதில்லை. அழுத்தம் விழுகிறது, கண் இருள்கிறது, கால் துவள்கிறது. பின்கழுத்திலும் இரு தோள்களிலும், சட்டை மாட்டும் கம்பியின் வடிவத்தில் ஒரு வலி படர்வதும் உண்டு. படுத்தால் அது மறைந்துவிடும். இதனை மாரடைப்பின் முன்னறிகுறி என்று அஞ்சி நாம் ஓர் இரவு முழுதும் விழித்திருந்தோம்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று போதும். நோயாளியை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை பார்க்க வேண்டும். பிறகு நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில் ஒரு முறையும் மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் குறைந்தால், நின்ற நிலையில் அழுத்தம் விழுகிறது என்று பொருள். அப்போது நாடித் துடிப்பையும் எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது. அழுத்தம் வெகுவாக விழுந்தும் நாடி சிறிதளவே விரைந்தால், குறை நரம்பில் உள்ளது என்று ஊகிக்க டாக்டருக்கு அது உதவும். நிற்கவைக்கும்போது ஒருவர் அருகில் தாங்கி நிற்பது அவசியம்.

இவ்வளவு எளிய பரிசோதனையை எம் தந்தையாருக்கு இரண்டு ஆண்டுகள் ஒருவரும் செய்யவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. எல்லாரும் உட்காரவைத்தே பார்த்தார்கள். உட்கார்ந்தால் 150, சில நாள் 160. "அழுத்தம் அதிகம்" என்று மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்ட அவர் குளியலறையிலும் கூடத்திலும் விழலானார். கடைசியில் ஒரு நரம்பு வைத்தியர் படுக்கவைத்துப் பார்த்தபோது 168க்கு 92. நின்று மூன்றாம் நிமிடத்தில் 104க்கு 60! படுத்தால் ஏறுவதும் நின்றால் விழுவதும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று. பகல் வேளை மாத்திரையை அவர் நிறுத்தினார். அதன்பின் ஒரு மாதம் வரை தந்தையார் விழவில்லை.

படபடப்பின் கதை வேறு. அதைச் சொல்வதற்கு 2018ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு பிற்பகலை நினைவுகூர வேண்டும். சாப்பிட்டு எழுந்தவர் கூடத்தில் சாய்ந்துவிட்டார். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றார். அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு விரைந்தோம். இ.சி.ஜி. எடுத்த இளம் டாக்டர் தாளைப் பார்த்து முகம் மாறினார். இரம்பப் பற்களைப் போன்ற அலைகள், நிமிடத்துக்கு 300 வீதம். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கின்றன, உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து ஊசி போட வேண்டும் என்றார். கையொப்பமிடக் காகிதமும் வந்துவிட்டது.

அங்கே பணியிலிருந்த மலையாளத்து நர்ஸ் அம்மையார் ஒருவர் மட்டும் தந்தையாரின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். 82, அதுவும் சீராக. அவர் டாக்டரிடம் பணிவாக ஏதோ சொன்னார். பின்னர் மணிக்கட்டில் ஒட்டியிருந்த கம்பிகளை எடுத்துத் தோள்களுக்கு அருகே ஒட்டினார். நடுங்கும் வலக் கையைத் தம் இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, "அப்பா, கொஞ்ச நேரம் கையை எங்கிட்டே குடுங்க" என்று உடைந்த தமிழில் சொன்னார். மறுபடியும் தாள் ஓடிற்று. இரம்பப் பற்களைக் காணோம். சாதாரணமான, ஒழுங்கான துடிப்பு.

நடந்தது இதுதான். நடுக்குவாதத்தின் நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 6 தடவை வரை நிகழ்வது. ஐந்து என்று கொண்டால் நிமிடத்துக்கு 300. இயந்திரத்துக்குக் கை எது, இதயம் எது என்று தெரியாது. கையின் ஆட்டத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறது. இவ்விதத் தவறு மருத்துவ ஏடுகளில் பல முறை எழுதப்பட்டிருப்பதைப் பிற்பாடு அறிந்தோம். அந்த இளம் டாக்டரை நாம் குறை கூறவில்லை. தவறு தெரிந்ததும் அவரே காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் நடுக்குவாதம் உள்ளவர்க்கு இ.சி.ஜி. எடுக்கும் இடமெல்லாம், "நடுக்கம் இருக்கிறது, கம்பியைத் தோளருகே ஒட்டி, நாடியையும் எண்ணிப் பாருங்கள்" என்று முன்கூட்டிச் சொல்வதை அன்றுமுதல் எம் வழக்கமாகக் கொண்டோம்.

இதயத்தில் கோளாறு இல்லையென்றால் படபடப்பு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எமக்கு உதவியது. மாத்திரை சாப்பிட்ட நேரம், உணவு கொண்ட நேரம், படபடப்பு வந்த நேரம், அப்போதைய நாடி, அழுத்தம் இவற்றை மூன்று வாரம் எழுதினோம். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மாத்திரை. படபடப்போ பெரும்பாலும் பதினொன்றரைக்கும் நாலரைக்கும்! மருந்தின் வேகம் தணியும் வேளையில் உடல் இறுகுவது போலவே மனமும் இறுகி, திகிலும் வியர்வையும் நெஞ்சடைப்பும் உண்டாவது இந்நோயில் உள்ளதே. அந்நேரங்களில் நாடி 80ஐத் தாண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த நரம்பு வைத்தியர் மொத்த அளவைக் கூட்டாமல், அதையே நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார். படபடப்பு முற்றும் நீங்கவில்லை, பாதிக்குமேல் குறைந்தது. பகல் உணவுக்குப் பின் வருவது மட்டும் வேறு வகை. வயிறு நிறையச் சோறு உண்டபின் இரத்தம் குடலுக்குச் செல்வதால், இரண்டு மணி நேரம் வரை அழுத்தம் தாழ்ந்து நிற்கும். அந்த மே மாதத்துப் பிற்பகலில் அவர் சாய்ந்ததும் அதனாலேதான்.

நாடியை எண்ணும் முறையை வீட்டில் இருவராவது கற்றிருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக இரு விரல் வைத்து முப்பது வினாடி எண்ணி இரட்டிப்பதுதான். ஒழுங்கற்றுத் தாவித் தாவித் துடித்தாலோ, ஓய்வாக இருக்கையிலேயே 120க்கு மேல் நின்றாலோ அது மருந்து தணிவதால் வந்ததென்று நாமே தீர்மானித்துக்கொள்ளலாகாது. நடுக்குவாதம் உள்ளவருக்கு மாரடைப்பு வராதென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. மார்பில் பாரம் வைத்தாற்போல் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, இடக் கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல் இவற்றில் எது கண்டாலும் நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிராமல் 112 என்ற எண்ணையோ, பல மாநிலங்களில் உள்ள 108ஐயோ அழைத்துவிட வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. இந்நோய் முகத்தின் தசைகளை இறுக்கிவிடுவதால், கடும் வலியிலும் முகம் சலனமற்றுத் தோன்றும். குரலும் தாழ்ந்துவிடும். அம்முகமும் அக்குரலும் தமிழ் மட்டுமே அறிந்தவருடையதாக இருந்து, பார்ப்பவர் இந்தி மட்டுமே அறிந்தவராகவும் இருந்தால் என்னாகும்? "கிழவருக்கு ஒன்றுமில்லை, அமைதியாகத்தானே இருக்கிறார்" என்று வரிசையின் கடைசியில் உட்காரவைத்துவிடுவார்கள். மொழிபெயர்க்கும் நாமும் தவறு செய்கிறோம். படபடப்பை "கப்ராஹட்" என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல்லுக்குப் பயம் என்றும் பொருள் உண்டாதலால் மனப் பதற்றத்துக்கு மாத்திரை வந்து சேர்கிறது. இதயத் துடிப்பைக் குறிக்க "தட்கன்" என்று தெளிவாகச் சொல்லலாம். மயக்கம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தலை சுற்றல் "சக்கர்", நினைவிழத்தல் "பேஹோஷ்". எழுந்து நின்றால்தான் வருகிறதா என்பதைத் தவறாமல் சேர்த்துச் சொல்க.

"சக்கர்" என்று மட்டும் சொன்னால் வேறோர் அபாயமும் உண்டு. தலை சுற்றலுக்கு நம் நாட்டில் தாராளமாக எழுதிக் கொடுக்கப்படும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் என்னும் இரண்டும் நடுக்குவாதத்தை அதிகப்படுத்தக்கூடியவை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் அவ்வாறே. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் டோம்பெரிடோன் தருவார்கள். அது மூளையை அதிகம் தொடுவதில்லை. ஆனால் இதயத்தின் மின்னோட்டத்தை அது பாதிக்கக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2014இல் பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாமென்று வரையறுத்தது. இதய நோயும் உடையவர்கள் இதைப் பற்றி டாக்டரை அவசியம் கேட்க வேண்டும். ஆண் முதியோருக்குச் சிறுநீர்த் தடைக்காகத் தரும் மாத்திரைகளில் சிலவும், நீரை வெளியேற்றும் மாத்திரைகளும் நிற்கையில் அழுத்தத்தை இன்னும் தாழ்த்தும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் இட்டு இரு வைத்தியர்களிடமும் காட்டிவிடுவது மேல். எக்காரணம் கொண்டும் நடுக்குவாத மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது; கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஊரிலிருந்து பூனைக்காலி விதைச் சூரணம் அனுப்புவோர் உண்டு. இதை மூட நம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது. இன்று இந்நோய்க்கு முதன்மையான மருந்தாகிய லெவோடோபா இவ்விதையில் இயற்கையாகவே உள்ளது. 1937ஆம் ஆண்டில் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். மருந்தாக அதன் பெருமையை உலகம் அறிந்தது 1960களிலேதான் என்பதை எண்ணும்போது நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாவது இயல்பு. ஆனால் மாத்திரையோடு சூரணத்தையும் டாக்டருக்குத் தெரியாமல் உட்கொண்டால் அளவு மிகுந்துவிடும். லெவோடோபாவே நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய மருந்தாதலால் மயக்கம் மேலும் கூடும்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. காலையில் எழுமுன் படுக்கையிலேயே இரண்டு பெரிய தம்ளர், அதாவது அரை லிட்டர் அளவு, தண்ணீரைச் சில நிமிடங்களுக்குள் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எழுவது வியக்கத்தக்க பலன் தரும். எழும்போது முதலில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு ஆட்டி, பின்னர் நிற்க வேண்டும். நிற்கையில் கண் இருண்டால் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடைகளை இறுக்கலாம், இயலாதவர் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்துவது இரவில் அழுத்தம் ஏறாமலும் காலையில் விழாமலும் காக்கும். தலையணைகளை அடுக்குவதால் இப்பயன் இல்லை, கழுத்துத்தான் வளையும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் இறுக்கமான பட்டையும் உதவும். பகலில் கட்டி, படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

உணவை மூன்று வேளைக்குப் பதில் ஐந்து சிறு வேளையாக்கினோம். சோற்றைக் குறைப்பது தந்தையாருக்கு மருந்தைவிடக் கசந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பிட்ட நீர்மோரும் ஓர் அப்பளமும் கூட்டியதால் ஒருவாறு சமாதானமானார். உப்பைக் கூட்டுவது எல்லாருக்கும் ஏற்றதன்று. இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது தீங்கு. டாக்டர் அனுமதித்த பின்னரே செய்க. தில்லியின் மே, ஜூன் வெயிலில் குழாய்கள் விரிந்து அழுத்தம் மேலும் தாழும். கொதிக்கும் வெந்நீர் ஸ்நானமும் அவ்வாறே. எம் வீட்டில் குளியலறையில் ஒரு முக்காலி போட்டோம். "உட்கார்ந்து குளிப்பதா?" என்று முதல் வாரம் அதைத் தொடவே இல்லை. இரண்டாம் வாரம் முக்காலி நனைந்திருந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை.

கரோல்பாக் சகோதரி கடிதத்தின் ஓரத்தில் மற்றொன்றும் கேட்டிருக்கிறார். தை மாதத்தில் பேரனுக்குச் சென்னையில் கலியாணம். அத்தையை ரயிலில் அழைத்துப் போகலாமா என்று. டாக்டர் தடுக்காவிடில் அழைத்துப் போகலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 33 மணி நேரம். கீழ்ப் படுக்கை கிடைக்குமாறு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் நான்கு நாளைக்கு வேண்டியதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தாமதமானாலும் வேளை தவறக்கூடாது. நோயின் பெயர், மருந்துகள், படுத்தபோதும் நின்றபோதும் உள்ள அழுத்தம், தரக்கூடாத மருந்துகள் இவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள் ஒன்று அத்தையின் கைப்பையிலும் இருக்கட்டும். கழிவறைக்குப் போகுமுன் இரண்டு நிமிடம் படுக்கையில் உட்காரச் சொல்லி, கூடவே ஒருவர் செல்லுங்கள். இரவில் வண்டி ஏதேனும் ஸ்டேஷனில் நிற்கும்போது எழுவது ஓடும்போது எழுவதைவிட நல்லது. நின்ற நிலை அழுத்தத்தை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லையென்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன் அதை முதலில் பாருங்கள். எண்களை எமக்கு எழுதி அனுப்பினால், எந்த வைத்தியரிடம் எதைக் கேட்கலாம் என்பதை மறுமொழியில் தெரிவிக்கிறோம்.